சிவப்பு உண்டா, இல்லையா

குதிகாலைத் தொட்டுப் பார்த்தவர் மிஸ் ஏர்லீன். தொடாமலே 'தோல் நன்றாக இருக்கிறது' என்று எழுதியவள் நான். வேலை போக இருந்தது அவருக்கு.

பால்டிமோரின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. நாலாவது மாடி எலும்பு முறிந்தவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் உரியது. தாமாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் எங்களைப் போலக் கறுப்பர்கள். அவர்களைத் துடைத்து, திருப்பி, சோறூட்டும் உதவியாளர்கள் பதினோரு பேரும் கறுப்பர்கள். நர்ஸ்களில் கறுப்பர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அதிகாரிகள் இருக்கும் மாடிகளை நோக்கி ஏற ஏற நிறம் வெளுத்துக்கொண்டே போகும். அதை யாரும் வரைந்து காட்ட வேண்டியதில்லை, லிஃப்டில் ஏறினால் போதும்.

உதவியாளர்கள் கணினியில் வாக்கியம் எழுத முடியாது. அவர்களுக்குக் கட்டங்கள் மட்டும்தான். திருப்பிப் படுக்க வைத்தாயா: ஆம், இல்லை. சாப்பிட்டாரா: முழுவதும், பாதி, இல்லை. தோலில் சிவப்பு: உண்டு, இல்லை. விரலால் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். வாக்கியம் எழுதும் உரிமை நர்ஸுக்கு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மிஸ் ஏர்லீனும் நானும் இதே மாடியில் உதவியாளர்களாக இருந்தோம். நான் மாலைக் கல்லூரியில் படித்து வாக்கியத்துக்குப் போனேன். அவர் கட்டத்திலேயே இருந்தார்.

அன்று மார்ச் எட்டு, செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டரை மணி. துணி வண்டிக்குப் பக்கத்தில் என்னை மறித்தார்.

"ரோவி, நில்லு. பதினாலாம் ரூம் பஸ்காரர். வலது குதிகால் சூடா இருக்கு. அமுக்கினா அழுகின பேரிக்கா மாதிரி உள்ள போகுது."

என் கையில் மூன்று பேருடைய மருந்து. ஆறாம் அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சிவப்பா இருக்கா?" என்று கேட்டேன்.

மிஸ் ஏர்லீன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்டி, உன் தோல் என்னிக்காவது சிவந்து பார்த்திருக்கியா?"

நான் சிரித்தேன். "வந்து பார்க்கிறேன், மிஸ் ஏர்லீன்" என்றேன்.

போகவில்லை. மறக்கவில்லை, அதுதான் விஷயம். 'சிவப்பில்லை' என்பது எனக்குள் 'ஒன்றுமில்லை' என்று எப்போதோ மாறிப்போயிருந்தது. படித்த புத்தகத்தில் இருந்த கால்கள் எல்லாம் வெள்ளைக் கால்கள். படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி சிவப்பு என்று மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். என் தாயின் குதிகாலும் என் குதிகாலும் என் கண் முன்னாலேயே இருந்தன. ஆனாலும் அந்த மதியம் நான்தான், வேறு யாருமல்ல, சிவப்பா என்று கேட்டேன்.

வேலை முடியும் நேரத்தில் முந்தின நாள் குறிப்பை ஒரே அழுத்தில் இன்றைக்கு நகல் எடுத்தேன். எல்லோரும் செய்வதுதான். 'தோல் நன்றாக இருக்கிறது.'

சனிக்கிழமை அந்தக் குதிகால் கறுத்து வெடித்தது. உள்ளே இருந்த சதை முன்பே செத்துப்போயிருந்தது.

லின்வுட் சாட்செல் என்பது அவர் பெயர். எழுபத்தோரு வயது. முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். இடுப்பெலும்பு முறிந்து வந்தார், சர்க்கரையால் பாதங்களில் உணர்ச்சி இல்லை. நன்றாக நடந்து வீட்டுக்குப் போக வேண்டியவர், பிரேக்கை மிதித்த காலில் எலும்பு தெரியப் படுத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குள் உண்டான புண் என்றால் மாநிலத்துக்கு அறிக்கை போக வேண்டும். அறிக்கைக்கு ஒரு பெயர் வேண்டும். கணினியில் தேடினார்கள். எட்டாம் தேதி, சிவப்பு: இல்லை, ஏர்லீன் கெய்தர். ஒன்பதாம் தேதி, சிவப்பு: இல்லை, ஏர்லீன் கெய்தர். பெயர் கிடைத்துவிட்டது. உதவியாளர்களுக்கான மாநிலப் பதிவேட்டில் ஒருவர் பெயருக்கு எதிரே 'கவனக்குறைவு' என்று விழுந்தால் எந்த ஆஸ்பத்திரியும், எந்த முதியோர் இல்லமும் சாகும்வரை அவரைச் சேர்க்காது. மிஸ் ஏர்லீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. வேறு தொழில் தெரியாது. அவர் கை இன்னொரு உடம்பைத் தொடக் கூடாது என்று ஒரு கட்டம் தீர்மானிக்க இருந்தது.

இதில் இன்னொரு கதையும் உண்டு. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், கறுப்பர் உயிருக்கு நியாயம் கேட்டு ஊரெல்லாம் தெருவில் இறங்கி நின்ற அந்தக் கோடையில், எங்கள் ஆஸ்பத்திரியும் ஒரு உறுதிமொழி எடுத்தது. நிறச் சமத்துவக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். அதில் நானும் இருந்தேன். 'எந்தத் தோலுக்கும் ஒரே கவனிப்பு, இது எங்கள் உறுதி' என்ற வரி நான் எழுதியது. தங்க நிறப் பேனாவால் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் மாடியின் தலைமை நர்ஸ் மெரடித் முதல் கையெழுத்து. போடும்போது உண்மையாகவே அழுதார். வரவேற்புக் கூடத்தில் ஆறடி உயரத்துக்கு அந்த வாசகத்தை மாட்டினார்கள். அதன் கீழே சிரிக்கும் முகம் மிஸ் ஏர்லீனுடையது. புகைப்படக்காரர் மாடி மாடியாக ஏறி, இதைவிட நல்ல சிரிப்பு இல்லை என்று தேர்ந்தெடுத்தார்.

திங்கட்கிழமை மெரடித் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், மென்மையாகப் பேசுவார்.

"ரோவீனா, ஏர்லீன் உங்ககிட்ட வாயால சொன்னதா சொல்றாங்க. உங்க குறிப்புல அப்படி எதுவும் இல்லையே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"எழுதாதது நடக்காததுன்னு நாம எல்லாருமே படிச்சிருக்கோம், இல்லையா?"

அப்போதும் சொல்லவில்லை. எனக்குப் பேச்சு எப்போதும் தாமதமாகத்தான் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அதைப் பொறுமை என்று நினைப்பவர்கள் உண்டு. மெரடித் சம்மதம் என்று நினைத்தார்.

"அடுத்த மாசம் குழுவுக்குத் தலைவர் போடறாங்க. நான் உங்க பேரைத்தான் கொடுத்திருக்கேன்" என்றார். அதைத் தனியாகச் சொல்லவில்லை, அதே மூச்சில் சொன்னார். லஞ்சம் என்று அவருக்கே தோன்றியிருக்காது. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மூன்றரை மணிக்கு பஸ் நிறுத்தத்தில் மிஸ் ஏர்லீன் உட்கார்ந்திருந்தார். மடியில் முனைக் கடையில் வாங்கிய பொரித்த மீன், வெள்ளை ரொட்டிக்கு நடுவில், கார சாஸ் ஒழுக. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கூப்பிட்டாங்களா?" என்றார்.

"கூப்பிட்டாங்க."

"என்ன சொன்ன?"

ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. அது அவருடைய பஸ். அவர் ஏறவில்லை.

"ஓஹோ" என்றார். "ஒண்ணுமே சொல்லல. உன் வாயில பூட்டுப் போட்டா ஆஸ்பத்திரிக்கே காவல் வேண்டாம் போல."

"மிஸ் ஏர்லீன், நான்..."

"மன்னிப்பு மட்டும் கேக்காதே. வயித்தெரிச்சலா இருக்கு. அன்னிக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்கா, இல்லையா? கட்டம் மாதிரியே கேக்கறேன். உண்டா, இல்லையா?"

"உண்டு."

அவர் மீனில் ஒரு முள்ளை எடுத்துக் காகிதத்தின் ஓரத்தில் வைத்தார். "அப்ப போய் அவங்ககிட்ட சொல்லு. சொல்லலைன்னா இதே நிறுத்தத்துல என் பக்கத்துல உட்காராதே. அந்தப் பக்கம் இன்னொரு நிறுத்தம் இருக்கு."

"எனக்கும் நர்ஸ் லைசென்ஸ் இருக்கு, மிஸ் ஏர்லீன். அதை..."

"தெரியும்டி. நீ அதுக்குப் படிக்கும்போது உன் ரூம்களையும் சேர்த்து நான்தான் துடைச்சேன்." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உங்க எல்லார் பேனாவும் தங்கமா இருக்கு. மை மட்டும் தேவைப்படறப்ப வராது."

அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். மீன் வாசனை அங்கேயே இருந்தது. நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினாலாம் அறையில் கட்டு மாற்றினேன். மிஸ்டர் லின்வுட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஏர்லீனைத் தூக்கப் போறாங்களாமே?" என்றார்.

"பேசிட்டிருக்காங்க, மிஸ்டர் லின்வுட்."

"அது தினம் காலையில என் குதிகாலைக் கையில ஏந்திப் பார்க்கும். முட்டையைப் பார்க்கிற மாதிரி. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது, ஆனா கண்ணு இருக்கே." தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "வேற யாரு தொட்டாங்க?"

நான் பட்டையை ஒட்டினேன். அந்தக் குதிகாலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையில் எடுத்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும் என்று தோன்றியது. அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பதினோரு மணிக்கு விசாரணை. வரவேற்புக் கூடத்தை ஒட்டிய சின்ன அறை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. மெரடித், பணியாளர் பிரிவிலிருந்து டை கட்டிய ஒருவர், மிஸ் ஏர்லீன், நான். மேசையில் ஒரு தாள், ஒரு கணினி. கண்ணாடிக்கு வெளியே ஆறடி உயரத்தில் மிஸ் ஏர்லீன் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர் சிரிக்கவில்லை.

"'இல்லை'ன்னு குறிச்சது நீங்கதானா?" என்று பணியாளர் பிரிவுக்காரர் கேட்டார்.

"நான்தான்."

"அப்ப அன்னைக்குக் காலில் எந்த மாற்றமும் இல்ல."

"சிவப்பு இல்ல. அதைத்தானே கேட்டீங்க? சூடு இருந்துச்சு. அதுக்குக் கட்டம் எங்க? பொதபொதன்னு இருந்துச்சு. அதுக்குக் கட்டம் எங்க?"

"மாற்றம் தெரிஞ்சா நர்ஸுக்குச் சொல்லணும்னு விதி."

"சொன்னேன்." மிஸ் ஏர்லீன் என் பக்கம் திரும்பவே இல்லை.

மெரடித் தாளை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார். "ஏர்லீன், தப்பு உங்களோடதுன்னு ஒத்துக்கிட்டு இதுல நீங்க கையெழுத்துப் போட்டா பயிற்சிக் குறைவுன்னு எழுதி, முடிஞ்ச அளவு மென்மையா முடிச்சிடலாம்."

மிஸ் ஏர்லீன் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார். "அதோ அந்தப் பொம்பளைகிட்டக் கேளுங்க. அவ போடுவா. எதுக்கும் சிரிச்சிட்டே இருக்கா."

பிறகு குனிந்து வலது காலணியின் நாடாவை அவிழ்த்தார். காலுறையைக் கழற்றினார். நாற்காலியைப் பின்னால் தள்ளி, பாதத்தைத் தூக்கி மேசைமேல், அந்தத் தாளின்மேல் வைத்தார். பணியாளர் பிரிவுக்காரர் தன் காப்பியை அவசரமாக எடுத்துக்கொண்டார்.

"மெரடித், உங்க கட்டைவிரலைக் குடுங்க. பயப்படாதீங்க, குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

மெரடித் என்னைப் பார்த்தார். நான் எங்கும் பார்க்கவில்லை. மெரடித் விரலை நீட்டினார்.

"அமுக்குங்க. இன்னும் நல்லா. அங்கேயே வைங்க. ம், இப்ப எடுங்க. சொல்லுங்க: சிவப்பு உண்டா, இல்லையா? ஒண்ணுதான் சொல்லலாம். வாக்கியம் கிடையாது."

யாரும் பேசவில்லை. அந்தக் குதிகால் எங்கள் நடுவே இருந்தது. முப்பது வருஷம் அந்த மாடியின் தரையை நடந்து தேய்த்த குதிகால், ஓரங்களில் வெடித்து, கறுப்பாக, அமைதியாக. மெரடித்தின் கழுத்துதான் சிவந்துகொண்டிருந்தது.

நான் மௌனத்தில் வளர்ந்தவள். மௌனங்களின் எடை எனக்குத் தெரியும். சில மௌனங்கள் ஒருவரைக் காப்பாற்றும். இது மிஸ் ஏர்லீனைத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே விடும் மௌனம். அதைத் தள்ளும் கைகளில் ஒன்று என்னுடையது.

பணியாளர் பிரிவுக்காரர் தொண்டையைச் செருமினார். "ரோவீனா பெட்டிஃபோர்ட், ஏர்லீன் உங்ககிட்ட சொன்னாங்களா? பதிவுல எதுவும் இல்லையே."

"இருக்கும்" என்றேன். "ரெண்டு நிமிஷம் குடுங்க."

கணினியை என் பக்கம் திருப்பினேன். எங்கள் தொழிலில் எழுதியதை அழிக்க முடியாது. ஆனால் விட்டதைப் பிறகு எழுதலாம். அதற்குத் தாமதப் பதிவு என்று பெயர். நடந்த நாளையும் எழுதும் நாளையும் மறைக்காமல் போட வேண்டும். பெரும்பாலும் மருந்து கொடுத்த நேரத்தை எழுத மறந்தவர்கள் அதைப் பயன்படுத்துவார்கள். தட்டெழுதினேன். எழுத எழுத உரக்கப் படித்தேன். 

"தாமதப் பதிவு. மார்ச் எட்டு, மதியம் இரண்டரை மணி. நோயாளியின் வலது குதிகால் சூடாகவும் பொதபொதவென்றும் இருப்பதாக உதவியாளர் ஏர்லீன் கெய்தர் என்னிடம் நேரில் சொன்னார். சிவப்பா என்று கேட்டேன். நோயாளி கறுப்பர். நான் போய்ப் பார்க்கவில்லை. அன்று நான் எழுதிய 'தோல் நன்றாக இருக்கிறது' என்ற வாக்கியம் முந்தின நாள் குறிப்பின் நகல். அந்தக் காலை நான் தொடவில்லை."

"ரோவீனா" என்றார் மெரடித், மிக மெதுவாக. "சேமிக்கிறதுக்கு முன்னாடி யோசிங்க. இது உங்க லைசென்ஸ்."

"ஒரு வாரமா அதைத்தான் யோசிச்சேன்" என்றேன். பொத்தானை அழுத்தினேன்.

மிஸ் ஏர்லீன் காலை இறக்கினார். காலுறையைப் போட்டார். நாடாவை நிதானமாக முடிந்தார். எழுந்து கதவருகே போய் என்னைப் பார்த்தார்.

"ஏழு நாள் லேட்டு" என்றார். போய்விட்டார்.

நேராகப் பதினாலாம் அறைக்குப் போனேன். மிஸ்டர் லின்வுட்டிடம் சொன்னேன், எல்லாவற்றையும், சுற்றி வளைக்காமல். அவர் கூரையைப் பார்த்தபடியே கேட்டு முடித்தார்.

"கண்ணாடியைப் பார்க்காம வண்டியைத் திருப்பினவன் எல்லாம் அங்க ஆளே இல்லைன்னுதான் சொல்வான்" என்றார். பிறகு, "என் மகள் வக்கீலைப் பார்க்கணும்னு சொல்றா. பார்க்கட்டும்" என்றார். "பார்க்கட்டும்" என்றேன் நானும். அப்புறம் போர்வையை விலக்கினார். "சும்மா நிக்காதே. இந்தக் காலும் என்னோடதுதான். இடது. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். சூடும் இல்லை, பொதபொதப்பும் இல்லை. எழுதினேன்.

மிஸ் ஏர்லீன் பெயரில் இருந்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மாநிலத்துக்குப் போன அறிக்கையில் என் பெயர். ஆறு மாதம் கண்காணிப்பு, ஃபைலில் ஒரு எச்சரிக்கைக் கடிதம். சமத்துவக் குழுவுக்கு வேறு ஒருவரைத் தலைவராகப் போட்டார்கள். 'இப்போதைய சூழ்நிலையில்' என்று மின்னஞ்சலில் ஒரு சொல் இருந்தது. கட்டம் மாறவில்லை. மென்பொருள்காரர்களுக்கு எழுதியிருக்கிறோம், ஒரு வருஷம் ஆகலாம் என்றார்கள்.

ஒரு வருஷம். அதற்குள் எத்தனை குதிகால்கள்.

அந்தப் பதில் வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு என் இடுப்பில் இருந்த அழைப்புக் கருவி ஒலித்தது. மூன்றாம் அறை. தோலில் சிவப்பு: உண்டு. 'உண்டு' என்று விழுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நர்ஸ் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. போய்ப் பார்த்தேன். அகன்ற உடம்புள்ள ஒரு பெண்மணி, என்னைவிடக் கறுப்பு. சிவப்பு என்று எதுவும் இல்லை. புறங்கையை இடுப்பின் கீழே வைத்தேன். சூடு.

எட்டரைக்கு ஏழாம் அறை. எட்டு முப்பத்தைந்துக்கு பதினொன்று. ஒன்பது மணிக்குள் மாடியில் இருந்த நர்ஸ்கள் எல்லோருடைய இடுப்பும் ஒலித்துக்கொண்டிருந்தது. பதினோரு உதவியாளர்களும் பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சூடு இருந்தால் உண்டு. மெத்தென்று இருந்தால் உண்டு. பக்கத்துத் தோலைவிடக் கெட்டியாக இருந்தால் உண்டு.

மெரடித் வேகமாக வந்தார். துணி வண்டிக்குப் பக்கத்தில் மிஸ் ஏர்லீன் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏர்லீன், சிவப்பே இல்லாம 'உண்டு'ன்னு குறிச்சிருக்கீங்க. இது தப்பான பதிவு."

"ஆமாவா?" என்றார் மிஸ் ஏர்லீன். "அன்னிக்கு சரியாப் பதிஞ்சேன், தூக்கப் பார்த்தீங்க. இன்னைக்கு தப்பாப் பதிஞ்சிருக்கேன், ரெண்டு பேருக்குப் புண்ணு வராம நிக்கும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"இதுக்கு நான் நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்."

"எடுங்க. பதினோரு தாள் அடிச்சிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி மூணாம் ரூமுக்கு வாங்க, கையை வச்சுப் பாருங்க. சூடு இல்லைன்னா உங்க கண்ணு முன்னாடியே மாத்திடுறேன்."

மெரடித் என்னிடம் திரும்பினார். "நீங்க பார்த்தீங்களா, ரோவீனா?"

"பார்த்தேன். எழுதிட்டேன்" என்றேன். "இதுவரைக்கும் 'உண்டு'ன்னு வந்த பன்னிரண்டு நோயாளிக்கும் அப்படித்தான் பார்த்து எழுதப் போறோம்."

 மெரடித் மூன்றாம் அறைக்குள் போனார், மிஸ் ஏர்லீன் பின்னாலேயே. கதவு சாத்தாமல் இருந்ததால் மிஸ் ஏர்லீனின் குரல் எனக்குக் கேட்டது: "கையுறையைக் கழட்டுங்க மெரடித், அதோட ஒண்ணும் தெரியாது. புறங்கை. ம். இப்ப அந்தப் பக்கம் வைங்க. வித்தியாசம் தெரியுதா?"

பதில் எனக்குக் கேட்கவில்லை. என் இடுப்பில் கருவி மறுபடியும் ஒலித்தது. பதினாறாம் அறை. உண்டு.

போனேன்.